பானெட்டில் மெர்வின்

என் புருஷன் மெர்வின் முப்பது வருஷம் பழைய லாரி ஓட்டியவன். பனி விழுந்தால் பின்னால் நாலு மூட்டை நிலக்கரி ஏற்றுவான். லாரியை இழுப்பது பின்சக்கரம். கனம் அழுத்தினால் வழுக்காது. பிறகு முன்சக்கரம் இழுக்கிற சின்னக் கார் வாங்கினோம். இவன் மட்டும் மாறவில்லை. பனிக்கட்டி மேல் கல்லைச் சறுக்கவிட்டு, துடைப்பத்தால் வழி தேய்த்து ஆடுகிற கர்லிங் போட்டியன்று காலையிலும் டிக்கியில் நாலு மூட்டை ஏறின.

நேஸ்பி மேட்டில் பாதி வழியில் கார் நின்றுவிட்டது. மூக்கு மேலே தூக்கிக்கொள்ள, முன்சக்கரங்கள் பனியில் சும்மா சுற்றின.

"எல்லாம் இந்த டயரால. கம்பெனி போட்டுக் குடுத்த டயர் பனிக்கு ஆகவே ஆகாது" என்றான் மெர்வின்.

"டயர் என்ன பண்ணும்? இழுக்கறது முன்னால, மூட்டை பின்னால. உனக்கு மூளை எங்க இருக்கு?"

மூட்டைகளை இறக்கி ஓரமாகப் போட்டோம். அப்போதும் சக்கரம் பிடிக்கவில்லை.

"இப்ப முன்னால கனத்துக்கு எங்க போறது, ஐலீன்?"

"நீதான் இருக்கியே. ஏறு பானெட் மேல."

நான் ஓட்ட, அவன் வைப்பரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியே என்னைத் திட்டியபடியே உட்கார்ந்திருந்தான். கார் முனகிக்கொண்டு மேடேறி, ஆமை வேகத்தில் ஆட்ட மைதானத்தை அடைந்தது. துடைப்பமும் கையுமாக மொத்த கிளப்பும் வாசலில் நின்றிருந்தது. வேட்டையாடிய மானை பானெட்டில் கட்டிக்கொண்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். காலின் என்ற வேட்டைக்காரன் பானெட்டைச் சுற்றி வந்து பார்த்தான்.

"நல்லா கொழுத்த மான்தான், ஐலீன்! ஒரே குண்டுல செத்துச்சா?"

"எங்க சாகுது? இன்னும் டயரத்தான் குத்தம் சொல்லிக்கிட்டிருக்கு."