பழைய நிலை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் ஓட்டை. காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் தேக்கு வாசல் நிலை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மேலே கஜலட்சுமி உருவம் செதுக்கியிருந்தது. கால்களை அறுத்து உயரம் குறைத்திருந்ததால் ஆள் நிமிர்ந்து நுழைய முடியாது. லட்சுமியின் காலடியில் ஓர் ஓட்டை. பக்கவாட்டில் நான்கு போல்ட்டுகள், கழற்றாமல் அறுத்தெடுத்தவை.

“கார்ல இருந்ததுங்க” என்றார் கடைக்காரர்.

“காருக்கு எதுக்குங்க வாசல் நிலை?”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? எடுக்கிறீகளா, வேணாமா?”

எடுக்கவில்லை. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எழுத உட்காருகிறேன்.

2

முதல் தொடக்கம்: “1931ஆம் ஆண்டு வைகாசியில் காரைக்குடி வீதியில் ஒரு டூரிங் கார்…” வேண்டாம். தண்டோரா போடுவது போல இருக்கிறது.

இரண்டாவது: “மீனம்மாளுக்குக் காற்று பிடிக்கும்.” பொய். அவளுக்கு என்ன பிடிக்குமென்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கண்டரமாணிக்கத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். மாமியார் விடமாட்டேன் என்கிறாள்.

3

விடாததற்குக் காரணம் கார்.

மடக்குகிற கித்தான் கூரையும் திறந்த பக்கங்களும் கொண்ட அமெரிக்க வண்டி. முதலில் ஒரு காபித் தோட்டத் துரையிடம் இருந்தது. அவர் சீமைக்குத் திரும்பியபோது மீனம்மாளின் அப்பா (அவளுக்கு அப்பச்சி) வாங்கி, வண்ணம் பூசி, மகளுக்குச் சீராகக் கொடுத்தார். புதுசு என்று சொல்லிக் கொடுத்தாரா? (இந்த இடத்தை அடித்து அடித்து எழுதிவிட்டேன். அவரைப் பொய்யராக்கவும் மனம் வரவில்லை, உத்தமராக்கவும்.) 

விடுங்கள். வண்ணம் உரிந்து கதவில் துரையின் பெயர் எட்டிப் பார்த்தது.

“ஊரான் ஏறி எறிஞ்ச வண்டியவா எங்க தலையில கட்டுனீக?” என்றாள் மாமியார். மகன் பெத்தாச்சி, அதாவது மீனம்மாளின் புருஷன், அம்மாவை எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை. ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான். வண்டி வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. கித்தானை எலி தின்றது.

கல்யாணச் செய்தி வந்ததும் மாமியார் தீர்த்துச் சொன்னாள்: “இந்த வீட்டு நிலையத் தாண்டி அங்குட்டுப் போனீன்னா, திரும்பி வராத.”

4

மீனம்மாள் டிரைவர் பூமிநாதனைக் கூப்பிட்டாள். “நான் போறனோ இல்லியோ, அப்பச்சி குடுத்த வண்டி அழிஞ்சு போகக் கூடாது. பழைய நிலைக்குக் கொண்டாந்துரு.”

பூமிநாதன் என்ஜினைத் தான் பார்த்துக்கொண்டான். கூரை வேலையைத் தச்சர் சோணைமுத்துவிடம் விட்டான். “மீனம்மாள் ஆச்சிக்கு வண்டியில பழைய நிலை வேணுமாம்.”

சோணைமுத்து அப்போதுதான் அந்த வீட்டின் பின்கட்டில் புது நிலை வைத்துவிட்டு, பிடுங்கிய பழைய நிலையை என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டிருந்தார். காருக்கு எதற்கு நிலை என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. செட்டியார் வீட்டில் எதற்கும் நிலை வைப்பார்கள் என்பது அவர் அனுபவம்.

மீனம்மாள் கொட்டகைக்கு வந்தபோது பின்சீட்டின் கதவிருந்த இடத்தில், போல்ட் போட்டு இறுக்கிய கஜலட்சுமி நிலை. மேலே பலகைக் கூரை. ஹாரன் குழாய் லட்சுமியின் காலடியைத் துளைத்து நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காயும் உடைத்தாயிற்று.

“என்ன கூத்து இது?”

“நீங்கதான ஆச்சி பழைய நிலை கேட்டீக?” என்றார் சோணைமுத்து. “தலையக் குனிஞ்சு ஏறுங்க.”

தம்பி கல்யாணத்துக்கு இதிலா போவது? பிறகு நிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டு நிலை. தலையைக் குனிந்து ஏறி உட்கார்ந்தாள்.

(கொட்டகைக்கு வர அவள் எத்தனை நிலை தாண்டினாள் என்று கேட்பீர்கள். கொட்டகை மதிலுக்குள்தான் இருக்கிறது. அதுவும் வீடுதான்.)

கல்யாணத்தன்று கார் வெளியே வரும்போது மாமியார் மறித்தாள். “நிலையத் தாண்டாதன்னு சொன்னேனா இல்லியா?”

“தாண்டலையே அயித்தை. உள்ளதான உக்காந்திருக்கேன். போறது நம்ம நிலைதான?”

மாமியாருக்கு லட்சுமியை மறித்து நிற்கப் பயம். ஒதுங்கினாள்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். எல்லாரும் சிரித்திருப்பீர்கள். ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதே! சாமி புறப்பாடு என்று நினைத்து வழியில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்டரமாணிக்கம் வந்தது. தம்பி கல்யாண மாலையோடு ஓடிவந்தான். அக்கா அவனுக்கும் ஆச்சிதான்.

“இறங்கி வாங்க ஆச்சி. ஏன் அங்குட்டே உக்காந்திருக்கீக?”

இறங்கினால் தாண்டியதாகிவிடும். இதை நான் யோசிக்கவே இல்லை.

முடிவு அ: தம்பியும் மணப்பெண்ணும் காருக்கு வந்து அவள் காலில் விழுந்து ஆசி வாங்குகிறார்கள். (அவளைச் சிலையாக்கிவிடுகிறது.)

முடிவு ஆ: அவள் இறங்கிவிடுகிறாள். பிறகு காலமெல்லாம் பிறந்த வீட்டில்… (எனக்கு வயிறு எரிகிறது.)

அப்போதுதான் கடையில் பார்த்த அந்த அறுத்த போல்ட்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

“பூமி, இரும்பு அறுக்கிற ரம்பம் வச்சிருக்கியா?” என்றாள் மீனம்மாள்.

அவளைச் சுற்றியிருந்த நிலையை அறுத்தெடுத்தார்கள். பலகைக் கூரையும் போயிற்று. தாண்ட ஒன்றுமில்லாத திறந்த வண்டியிலிருந்து அவள் இறங்கிப் போய்த் தம்பி கல்யாணத்தைப் பார்த்தாள். வண்டியும் ஒருவழியாகப் பழைய நிலைக்கு வந்தது.

6

ஆனால் நான் அந்த நிலையைப் பார்த்தது காரைக்குடியில். யாரோ திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவள்தான். வேறு யார்?

ஆக, மாமியார் வாசலில் நிற்கிறாள். எதிரே திறந்த கார். அதில் குறுக்கே கிடத்திய கஜலட்சுமி. காற்றில் கலைந்த தலையோடு மீனம்மாள், இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் வாயைத் திறந்து முதலில் சொன்ன சொல்…

எனக்கு எழுத வரவில்லை. “வா” என்று எழுதினால் நம்ப முடியவில்லை, “போ” என்று எழுதக் கை வரவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். பூமிநாதன் இன்னும் என்ஜினை நிறுத்தவில்லை.