மாதாகோயில் நிழலும் அதன் குறுக்குச் சுவரும்

பரமத்தி வேலூருக்கு வடக்கே கடலைக்காட்டில் இருந்த மாதாகோயில் ஒரு புயலில் இடிந்து விழுந்தது; அதன் நிழல் மட்டும் விழவில்லை. கல்லையும் உத்தரத்தையும் ஊரார் மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துப்போன பிறகும் கூரையின் நிழல் வெறுந்தரையில் குளிர்ந்து கிடந்தது. குடியானவர்களையும் சேரிக்காரர்களையும் பிரிக்க அந்தக் காலத்தில் நடுவே எழுப்பிய சுவரின் நிழலும், கொஞ்சம் கூடுதல் கறுப்பாக, குறுக்கே கிடந்தது. காட்டுவேலைக்கு வந்தவர்கள் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் சுவரின் கோடிவரை நடந்து சுற்றிக்கொண்டு போனார்கள். இதில் விசேஷம் இருப்பதாக யாருக்கும் படவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் சேலத்துப் புராதன அபிமானிகள் சங்கம் மோட்டாரில் வந்தது. ஒரே பகலில் மூன்று மாதாகோயில்கள், ஒரு கோட்டை, இரண்டு வேளைச் சாப்பாடு என்பது ஏற்பாடு. தலைவர் செங்கோட்டையன் எந்த இடிபாட்டைக் கண்டாலும் அது தமக்காகவே இடிந்து காத்திருந்ததுபோல நெகிழ்கிறவர். குடியானவர் பக்கத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். சேரிப்பக்கம் குறுகல், மோட்டாரை நிறுத்தத்தான் சரியாக இருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்த, அங்கே காய்ச்சலோடு படுத்திருந்த ஆண்டியை அவன் பெண்சாதி சின்னாயி வெயிலுக்கு இழுத்துப் போட்டாள்.

"வண்டியக் கொஞ்சம் தள்ளிக்குங்க சாமி. எம்மூட்டுக்காரரு வெயிலு தாங்க மாட்டாருங்க."

"சீட்டு சுட்டா ஐயாமாரு என்ற தலமேலயா உக்காருவாங்க?" என்றான் டிரைவர்.

தலைவர் அப்போது அந்தச் சுவரைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்தார். மனிதனை மனிதனிடமிருந்து பிரித்த சுவர் மண்ணோடு மண்ணாயிற்று என்று முடித்தபோது, கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் சின்னாயி தண்ணீர் கேட்டாள். அவர் மனமிரங்கிச் செம்பை நீட்டினார். சுவரின் கறுப்பு நிழலருகே வந்ததும் கை தானாக நின்றது.

"செவுரு இருக்குதுங்களே சாமி" என்று சின்னாயி அவருக்காகச் சங்கடப்பட்டாள். "நானே சுத்தி வாரேனுங்க."

ஒரு எட்டில் தாண்டிவிடக்கூடிய கறுப்பைத் தாண்டாமல், கோடிவரை ஓடிச் சுற்றி, எட்ட நின்று கொட்டாங்குச்சியில் வாங்கி, சிந்திவிடக் கூடாதென்று மெதுவாகத் திரும்பவும் சுற்றி வந்தாள். ஆண்டி வாயைத் திறந்தபடி கிடந்தான். தண்ணீர் உள்ளே போகவில்லை. கோட்டைக்கு நேரமாகிவிட்டதால் சங்கம் புறப்பட்டது. சீட்டு சில்லென்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

அந்த வருஷத்து ஐப்பசிக் காற்று கூரையின் நிழலை அடித்துக்கொண்டு போயிற்று. சுவரின் நிழல் மட்டும் நின்றுவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே வெயில். அவரவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கஞ்சி குடிக்கிறார்கள். கடலைக்கொடிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் சின்னாயி, கோடிவரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.