தராசு வண்டி

மீன் ஏலக் கூடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி இறங்கியதும் நான் செய்கிற முதல் வேலை நொண்டுவது. கைப்பிடித் தண்டில் கட்டியிருக்கும் ஊன்றுகோலை அவிழ்த்து, வலது காலைக் கொஞ்சம் இழுத்து, முகத்தில் ஒரு வேதனையையும் வரவழைத்துக்கொண்டால் போதும், ஆண்கள் கூட்டம் தானாக விலகி வழிவிடும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, ஓலை நாரில் கோத்த மீன்களைத் தூக்கிக் காட்டி ஏலம் விடும் ஃபர்ஹாத்கூட ஒரு கணம் கத்துவதை நிறுத்திவிட்டு, முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறது என்பேன். அதில் பொய் ஏதும் இல்லை. முட்டி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. போன கோடையில் ஸ்ஃபாக்ஸ் நகரத்து மருத்துவர் உள்ளே கிழிந்திருந்ததைச் சரிசெய்து அனுப்பினார். ஆலிவ் பறிக்கும் காலம் வருவதற்குள் யாரும் பார்க்காத நேரங்களில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்தது அதற்கு முன்னால், முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்த நாட்களில். என் கணவர் சுலைமானுக்கு, எங்கள் ஜெர்பா தீவு ஆண்களில் பாதிப் பேரைப் போலவே, தலைநகர் தூனிஸில் மளிகைக்கடை. பெருநாளுக்கும் கோடைக்கும் வருவார். அப்படி வந்த ஒரு கோடையில், கடற்கரை ஓட்டல் ஒன்றை மூடிவிட்டு, சுற்றுலாக்காரர்கள் ஓட்டித் திரிந்த வண்டிகளை வந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் என்னை நடக்கவே கூடாது என்று சொல்லியிருந்ததால் இவர் ஒன்றை வாங்கி வந்தார். அக்கம்பக்கமாக இரண்டு தடித்த சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு தண்டு. உட்கார இடமில்லை, பிரேக் இல்லை. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். விழாமல் தன்னைத் தானே நேராக்கிக்கொள்வதைப் பார்த்த சுலைமான், கடைக்காரர் அல்லவா, இது தராசு என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தராசின் மேல் நின்றால் நான் ஒரு சாண் கூடுதல் உயரம். அந்த ஒரு சாணில் எவ்வளவு இருக்கிறது என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர்ச் சந்துகளின் இரு பக்கமும் மண்மேடு, அதன்மேல் சப்பாத்திக்கள்ளி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்த மேடுகளின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். இப்போது அவற்றுக்கு மேலாக யார் தோட்டத்தில் மாதுளை வெடித்திருக்கிறது, யார் வீட்டுக் கொடியில் புதுத் துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டு போகிறேன். ஓலைத் தொப்பியை நாடியில் இறுக்கிக் கட்டிவிட்டு, கடலோரச் சாலையில் இடுப்பை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினால் போதும், காற்று மேலாடைக்குள் புகுந்து முதுகில் பெரிதாக ஊதும். ரொட்டிக்கடையிலிருந்து கிளம்பினால் வீடு சேரும்போது ரொட்டி இன்னும் சுடும். தண்டில் தொங்கும் மீன்கள் என்னோடு சேர்ந்து ஆடும். எனக்குச் சிரிப்பு வரும். வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன், இல்லையென்றால் மணல் போகும்.

இந்தச் சந்தோஷத்துக்குத்தான் நொண்டல். எங்கள் ஊரில் நோயாளிப் பெண்ணுக்கு எதற்கும் தடையில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரி நடுத்தெருவில் நின்றபடி பறந்து போனாலும், பாவம் முட்டி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கணவரின் அண்ணன் யூனிஸும் அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். வீட்டுக்கு மூத்த ஆண், தம்பி ஊரில் இல்லாததால் என் வாசலுக்கும் அவர்தான் காவல். சீதி என்று மரியாதையாகத்தான் அழைப்பேன். அவருடைய வீட்டுக் கதவைத் திறந்தால் காப்பிக் கடை கண்ணில் படும். அங்கே போக மனிதர் மொபெட்டை உதைத்துக் கிளப்புவார். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று அவரை யாரும் கேட்டதில்லை.

எல்லாம் நோன்புப் பெருநாள் காலையில் அம்பலமானது. கடையில் ஆள் இல்லையென்று அந்தப் பெருநாளுக்கு சுலைமான் வரவில்லை. என் மாமியார் லல்லா முபாரகா, பெரிய மகன் யூனிஸ் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சொந்தபந்தம். வாகனத்தில் வருகிறவர் யாராக இருந்தாலும் இறங்கிப் போய் பெரியவர்களின் தலையில் முத்தமிடுவதுதான் எங்கள் வழக்கம். கழுதையில் போன காலத்திலிருந்தே அப்படித்தான். முட்டியை உத்தேசித்து எனக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தார்கள். வண்டியில் நின்றபடியே கையை நீட்டி லல்லாவின் தலையைத் தொட்டு, என் விரல்களையே முத்தமிட்டுக்கொள்வேன். அன்றைக்கு லல்லா புது வெள்ளை உடுத்தி, மருதாணிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருநாளும் அதுவுமாக விரலால் தொட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நன்றாகக் குனிந்து தலையில் முத்தமிடப் போனேன்.

குனிந்தால் தராசுக்கு அது முத்தமா பயணமா என்று எப்படித் தெரியும்? அது பாட்டுக்குக் கிளம்பியது. லல்லாவின் மடி என்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் பக்கவாட்டில் எகிறிக் குதித்து, இரண்டு முட்டியையும் மடக்கிக் குந்தி, தண்டை இழுத்துப் பிடித்தேன். சக்கரம் நாற்காலிக் காலை முட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. குந்திய நிலையிலேயே நிமிர்ந்து பார்த்தால், எல்லாருடைய கண்ணும் என் முட்டியில் இருந்தது.

லல்லாதான் முதலில் பேசினார். வெள்ளிக்கிழமைதோறும் ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்துத் தன் கையாலேயே என் முட்டியில் தேய்த்துவிடுகிறவர் அவர்.

"என் எண்ணெய்க்கு இம்புட்டு சக்தி இருக்குன்னு எனக்கே தெரியாமப் போச்சே."

பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். யூனிஸ் சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கால் சரியாயிடுச்சு. ரொம்ப சந்தோஷம். அப்புறம் வண்டி எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அத்தனை பேர் முன்னால், பெருநாள் அன்று, அதைச் சொல்லாமல் வண்டியை நாற்காலியிலிருந்து பின்னால் இழுத்தேன். மிதூன் ஊரில் சுற்றுலா வண்டிகள் வைத்திருக்கும் ஒருவரைத் தெரியும், சனிக்கிழமை காப்பிக் கடைக்கு வரச் சொல்கிறேன், வண்டியை அங்கே கொண்டுவந்து விட்டுவிடு என்று சொல்லிவிட்டு அவர் தொழுகை முடிந்து வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். ஏறக்கூடத் தோன்றவில்லை. அதற்காக இன்றுவரை என்மேலேயே எனக்குக் கோபம்.

மத்தியானமே சுலைமானுக்குச் செய்தி போய்விட்டது. அவர் நல்லவர். சண்டை போடுகிறவர் இல்லை, அண்ணனோடும் போடமாட்டார், என்னோடும் போடமாட்டார். தொலைபேசியில் வாடிக்கையாளருக்குச் சர்க்கரை நிறுத்தபடியே எனக்குச் சமாதானம் சொன்னார். அண்ணன் விற்கட்டும், நல்லதாக ஒரு துணி துவைக்கிற மெஷின் வாங்கித் தருகிறேன் என்றார்.

"அதுல ஏறி மீன் ஏலத்துக்குப் போக முடியுமாங்க?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். சனிக்கிழமைக்குள் அண்ணனிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஊன்றுகோல் இல்லாமல் லல்லாவின் அறைக்குப் போனேன். எண்ணெய்க் கிண்ணம் இல்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மாலை ஒரு சுற்று முடியும்வரை நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"நான் தேய்ச்சப்ப வலிச்சுச்சா?" என்றார் கடைசியில்.

"இல்ல லல்லா."

"சுகமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதைச் சொல்லியிருந்தா தேய்க்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" மணி உருட்டுவது நின்றது. "இனிமே கீழ இறங்கி வந்து முத்தம் குடுடி. மேல நின்னுக்கிட்டுக் கையை நீட்டுற வேலையெல்லாம் வேணாம்."

வண்டியை வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, கொடுத்துவிடு என்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எதன் மேலிருந்து இறங்கி வரச் சொல்கிறார்?

சனிக்கிழமை கடைத்தெரு நிரம்பி வழிகிற நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினேன். ஊன்றுகோலைத் தண்டில் கட்டிக்கொண்டேன். காப்பிக் கடைக்கு வெளியே யூனிஸ் வழக்கமான மேசையில் இருந்தார். பக்கத்தில் மொபெட். மிதூன்காரர் எழுந்து வந்து, நான் இறங்குவதற்கு முன்பே சக்கரத்தை அமுக்கிப் பார்த்து, தண்டில் கை வைத்தார்.

"கையை எடுங்க தம்பி. இது விக்கிறதுக்கு இல்ல."

அவர் யூனிஸைப் பார்த்தார். சுலைமான் சம்மதித்தாகிவிட்டது என்றார் யூனிஸ், உட்கார்ந்த இடத்திலிருந்தே. டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் காய்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் கோலை அவிழ்த்தேன். அதை ஊன்றாமல், ரொட்டியைப் போல அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். வண்டிக்கும் மேசைக்கும் நடுவே பத்துப் பதினைந்து எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும். வாழ்க்கையில் இவ்வளவு நேராக நான் நடந்ததில்லை. மேசைக்கு மேசை என் முட்டியைப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் மெதுவாகப் போனேன்.

"ஜனங்க பாக்குறாங்க வஸீலா," என்றார் யூனிஸ், குரலைத் தாழ்த்தி.

"பாக்கட்டும் சீதி. எதுக்கு வண்டின்னு கேட்டீங்கல்ல. எனக்கு எங்கயும் வலிக்கல. ஏறிப் போறது பிடிச்சிருக்கு. அதுக்குத்தான்."

கோலை அவருடைய காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில், மேசைக்குக் குறுக்காக வைத்தேன்.

"இது எனக்கு இனித் தேவைப்படாது. நீங்க வச்சுக்கங்க. இந்தா இருக்கிற வீட்டுலேர்ந்து இங்க வரவே உங்களுக்கு மொபெட் வேண்டியிருக்கே. முட்டி ரொம்ப வலிக்குது போல."

யாரோ ஒருவர் கையிலிருந்த டோமினோ காய் தரையில் விழுந்தது. பிறகு ஒரு செருமல். அது சிரிப்பை மறைக்கிற செருமலா, கோபமா என்று நின்று கேட்க நான் தயாராக இல்லை. அதே நடையில் திரும்பி வந்தேன். மிதூன்காரர் ஒதுங்கி நின்றார். ஒரு காலை வைத்தேன், மறு காலை வைத்தேன், தராசு ஒருமுறை ஆடி நேரானது. எல்லாருடைய தலைக்கும் மேலே ஒரு சாண்.

பின்னால் நாற்காலி தரையில் உரசும் ஓசை கேட்டது. யூனிஸ் எழுந்துவிட்டார். என் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். கோலோடு நிற்கிறாரா, கோலை மேசையிலேயே விட்டுவிட்டு நிற்கிறாரா என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் இந்த வண்டியில் திரும்பிப் பார்த்தால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் நின்றுவிடும்.

தொப்பியின் கயிற்றை நாடியில் இறுக்கினேன். லல்லாவின் வாசல் பக்கமாக, முன்னால் சாய்ந்தேன்.