பத்துக்கு நாலு

வக்கீலம்மா என் கேஸ் கட்டைப் பிரித்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. அதற்குள் போடாவிட்டால் என் எட்டு வயது மகன் அவன் அப்பாவோடுதான். எனக்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், அதுவும் கோர்ட் கட்டடத்து ஹாலில்.

"நீங்களே வாதாடினீங்களா மேடம்?"

"ஆமா."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. இருபது வருஷமாக ஆறாம் வகுப்பை மேய்க்கிறவளுக்கு ஒரு ஜட்ஜ் எம்மாத்திரம் என்ற திமிர்தான், வேறென்ன. "உன் வாய்க்கு வக்கீல் வேற எதுக்குக்கா" என்று தம்பி ஏற்றிவிட்டான். நானும் ஏறிவிட்டேன்.

"இதென்ன, சிவப்பு மை?"

"என் பதில். வீட்டுக்காரர் கொடுத்த மனுவிலேயே எழுதிட்டேன்."

பதில் தாக்கல் செய்யச் சொன்னதும், விடைத்தாள் கட்டு மாதிரி அதை மேஜையில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கணவரின் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு குறிப்பு. 'ஆதாரம் எங்கே?' 'சொன்னதையே சொல்லாதே.' கடைசியில் வட்டம் போட்டு நூற்றுக்குப் பதினெட்டு. அன்றைக்கு அதைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். இப்போது வக்கீலம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு புரட்டுவதைப் பார்த்தால், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"போகட்டும். ஒரு விசாரணைத் தேதிய உங்களுக்குச் சரியா தெரிவிக்கல. அதைப் பிடிச்சுக்கலாம்." மேலும் புரட்டிய கை நின்றது. "இந்தப் பக்கம் யார் எழுதினது?"

கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து. கோர்ட் கவுன்சிலர் பையனைத் தனியாக உட்காரவைத்து, யாரோடு இருக்க ஆசை என்று எழுதச் சொல்லியிருந்தார். அதன் நகல் எங்கள் இருவருக்கும் வந்தது.

"என் பையன்."

"இதையும் திருத்தியிருக்கீங்க."

திருத்தித்தான் இருந்தேன். வரி கோணல் என்று ஓர் அம்புக்குறி. 'கையெழுத்து மோசம். திரும்ப எழுது.' கீழே பத்துக்கு நாலு. அதே கட்டுக்குள் இருந்தது, கை தானாகப் போய்விட்டது; மனுவோடு சேர்த்து அப்படியே கோர்ட்டில் கொடுத்தும்விட்டேன். ஜட்ஜ் இந்தத் தாளைப் பற்றித் தீர்ப்பில் ஒரு பத்தியே எழுதியிருந்தார். என்மேல் காட்டம் என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

"என்ன எழுதியிருக்கான்னு படிச்சீங்களா?"

படிச்சேன் என்று வாய்வரை வந்தது. ஒரு வரிகூட நினைவில் இல்லை.

அவரே வாசித்தார். "அம்மா நெறைய திட்டுவாங்க. ஆனா பேப்பர் திருத்தும்போது என்னைப் பக்கத்துல உட்காரவச்சு மார்க்கைக் கூட்டச் சொல்லுவாங்க. நான் சரியா கூட்டுவேன். எனக்கு அது பிடிக்கும். நான் அம்மாகூடவே இருக்கேன்."

நாற்காலியோடு சேர்ந்து பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடையாது" என்றார் வக்கீலம்மா. "ஆனா இதைக் காட்டினா உங்க சிவப்பு மையும் கூடவே வரும். மேல்கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க. உங்க வீட்டுக்காரரும் இருப்பார். வேண்டாம்னா தேதி விஷயத்தை மட்டும் வச்சுப் போடலாம்."

"அதை மட்டும் வச்சா பையன் கிடைப்பானா?"

"கஷ்டம்."

ஸ்டாஃப் ரூம் கண்ணுக்கு முன் வந்தது. இந்தச் சேதி அங்கே வர ஒரு நாள்கூட ஆகாது. விடைத்தாளில் நான் எழுதுவதைப் பார்த்துப் பெற்றோர்கள் இனி என்ன நினைப்பார்கள்.

"அப்ப இதையே முதல்ல வைங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு பிரமாணப் பத்திரத்துல ஒரு காரணம் சொல்லணும். மன உளைச்சல்னு போடட்டுமா?"

"வேண்டாம். படிக்காமலே திருத்திட்டேன்னு போடுங்க."