சாராளுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

பியூலா அக்கா புறணி பேசமாட்டார். ஜெபக் குறிப்புதான் கொடுப்பார்.

"சாராள் குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிச்சுக்கங்க. அவ வீட்டுக்காரர் ஆபேல் வீட்டை விட்டே போயிட்டாராம். வேற ஒருத்தியோட... சரி, நம்ம வாயால எதுக்கு?" என்று ஒரு பெருமூச்சு. மறுநாள் விடிவதற்குள் சேலையூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

காரணம் ஊரறிந்தது. இருவரும் வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள். பியூலா அக்காவிடம் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாராளிடம் போயிருந்தார்கள். இந்தப் பேச்சு கிளம்பியதும் அதே பிள்ளைகள் திரும்பி நடந்தார்கள். எங்கள் தெரு யூனிஸ்தான் தன் பிள்ளைகளைச் சாராளிடம் அனுப்புவதை முதலில் நிறுத்தினாள். ஆபேல் போயிருந்தது தூத்துக்குடிக்கு, படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்ள, சம்பளமில்லாத லீவில். சாராள் வீட்டில் உலை கொதிப்பதே டியூஷனால்தான்.

"நேராப் போய் நாலு வார்த்தை கேளு சாராள்" என்றேன் நான்.

"கேட்டா, பாத்தீங்களா ரோஷம் வருதும்பாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை செல்வமேரி வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். முடியும் நேரத்தில் சாராள் எழுந்தாள்.

"எனக்காக எல்லாரும் ஜெபிக்கிறீங்களாம், தேங்க்ஸ். எங்க விஷயம் பியூலா அக்காவுக்குத்தான் முழுசாத் தெரியும். அவங்களே எங்களுக்காக இப்ப ஜெபிக்கட்டும். பேர் சொல்லி, நடந்ததைச் சொல்லி."

ஜெபிக்கமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை.

"அன்பின் பரலோகப் பிதாவே..." ஆரம்பம் வழக்கம்போல் கணீரென்றுதான் இருந்தது. "ஆபேல் தம்பி... ஆபேல் தம்பி வந்து..." அத்தோடு நின்றுவிட்டது. எங்களிடம் சொன்னதை ஆண்டவரிடம் சொல்ல அக்காவுக்கு நா எழவில்லை.

"ஆண்டவரே, ஆபேல் தம்பியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நானாச் சொன்னது."

"ஆமென்" என்று முதலில் சொன்னது சாராள்தான். பிறகுதான் நாங்கள்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவளுக்கு ஒரு ஜெபம் போதுமாக இருந்தது. எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

டீ வந்தது. முதல் கப்பைச் சாராளே எடுத்துப் பியூலா அக்கா கையில் கொடுத்தாள். யூனிஸ் மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"சாராள், பிள்ளைங்களை எப்ப அனுப்பட்டும்?"

"நாளைக்கே அனுப்புங்க சிஸ்டர். பியூலா அக்கா ஜெபத்தைத்தான் ஆண்டவர் கேட்டுட்டாரே."