பென்சில் புள்ளிகள்

சக்கரம் வைத்த கதிரையை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. காவலாளி கீழ்ப்பக்கத்தைத் தாங்கினார். சுகிர்தா முதுகுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறினாள். சக்கரங்கள் தம் பாட்டுக்குச் சுழன்று அவள் சேலையில் கறுப்புக் கோடு போட்டன.

கடைசி அறையில் நீலத் திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. மேசை மேல் டிஷூ பெட்டி. சுவரில் புதிய கடிகாரம். கதவுக்கு மேலே, பெயின்ட் வாசனை போகாத பலகை: 'உளவளத்துணை நிலையம்'.

"ஐயோ அக்கா, நீங்க ஏன் தூக்குறீங்க? யாரையாவது விட்டிருக்கலாமே" என்றாள் மதுஷா. சொல்லிக்கொண்டே கதிரையில் உட்கார்ந்து ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். அது சத்தமில்லாமல் சுற்றியது.

சுகிர்தா சிரித்து வைத்தாள். ஆறு வருடமாக அவள் இதே வேலையைக் கீழே பாடப்புத்தக அறையில், கால் உடைந்த டெஸ்க்குக்கு அடியில் செங்கல் வைத்துச் செய்திருந்தாள்.

அவளுடைய நியமனம் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்பது. பட்டதாரி நியமனத்தில் கட்டுகஸ்தோட்டை வீதிக்கு மேலே இருந்த இந்தப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். புத்தகம் எண்ணுவது, கடிதம் தட்டச்சுச் செய்வது என்று ஆரம்பித்தது. உளவியல் படித்தவள் என்று தெரிந்ததும், அழுகிற பிள்ளைகளை எல்லாம் புத்தக அறைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சனிக்கிழமைகளில் பேராதனைக்குப் போய்த் தன் செலவில் ஒரு வருடச் சான்றிதழ் படிப்பும் முடித்தாள். ஒவ்வொரு வருடமும் பாடசாலை அதிபர் தியாகராஜா அவளுக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். ஆசிரியர் சேவையில் இல்லாதவருக்கு உளவளத்துணையாளர் பதவி கிடையாது என்று ஒவ்வொரு வருடமும் பதில் வரும். இந்த வருடம் பதிலுக்குப் பதிலாக மதுஷா வந்தாள்.

மதுஷாவுக்கு முப்பது வயது இருக்கும். கண்டி டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகள். ஆசிரியர் சேவை, அதற்கு மேல் டிப்ளோமா. காலையில் குண்டசாலையில் இருந்து புருஷன் காரில் கொண்டுவந்து விடுவார். கேட்டில் இறங்கும்போது அவள் சேலையில் ஒரு மடிப்புக் கலைந்திருக்காது. சுகிர்தா கலஹாவில் ஐந்தரை பஸ் பிடித்து, பேராதனையில் மாறி, பாதி வழி தொங்கிக்கொண்டு வருவாள். மதுஷா ஆசிரியர் அறையில் பூப்போட்ட கோப்பையில் தேநீர் குடிப்பாள். சுகிர்தாவின் கோப்பை காரியாலயத்தில் கிளார்க் மேசைக்குப் பின்னால் இருந்தது. ஒன்றரைக்கு மதுஷாவின் கார் வந்துவிடும். சுகிர்தா மூன்றரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் அவள் கணக்கு வைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையை ஒப்படைக்கச் சொன்னபோது, பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் மட்டும் எழுதிய ஒரு ஃபைலைக் கொடுத்தாள். யாருக்கு என்ன பிரச்சினை, யாருடைய வீட்டில் யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடவே கூடாது என்றெல்லாம் எழுதிய எண்பது பக்கக் கொப்பி அவள் கைப்பையிலேயே இருந்தது.

பலகை மாட்டிய அறைக்கு முதல் மூன்று வாரமும் ஒரு பிள்ளையும் போகவில்லை. படியேறினால் எட்டாம் வகுப்புப் பையன்கள் கீழே நின்று, "பைத்தியத்துக்கு மருந்து வாங்கப் போறாடா" என்று கத்தினார்கள். சுகிர்தாவுக்கு அன்றைக்கெல்லாம் தேநீர் இனித்தது.

அவளுடைய முறை வேறு. பிள்ளைகள் அவளிடம் புத்தகத்துக்கு முத்திரை குத்த வருவார்கள். வெளியே இருந்து பார்த்தால் வேலை. உள்ளே கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

அப்படி வருகிறவள்தான் பதினோராம் வகுப்புக் கலாராணி. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம். அப்பா கணேஸ் கலஹாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேறொருத்தியோடு இருக்கிறார். கைக்குழந்தை ஒன்று உண்டு. கலாராணி கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் சித்தி ராக்கம்மாவின் ஒற்றை அறையில் தங்கிப் படித்தாள். சென்ற வருடம் இருந்தாற்போல அவளுக்கு வகுப்பில் பெயர் கூப்பிடும்போது மூச்சு நின்றது. கை சில்லிட்டு, மேசையில் தலை சாய்ந்துவிடும். இரண்டாம் பாடவேளை தொடங்கிவிட்டால் ஒன்றும் இல்லை. கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

ஆகவே சுகிர்தா ஒரு வழி செய்தாள். முதல் பாடவேளைக்குக் கலாராணி புத்தக அறைக்கு வந்து முத்திரை குத்துவாள். மணி அடித்ததும் வகுப்புக்குப் போவாள். வகுப்பாசிரியர் திவாகரன் யாழ்ப்பாணத்துக்காரர், இளகிய மனசு.

"ஓம் மிஸ், விளங்குது. ஆள் இல்லாத நேரம் நான் வரவு இடாப்பில சைபர்தான் போடவேணும். பக்கத்தில பென்சிலால ஒரு புள்ளி வைக்கிறன். தவணை முடிவில திருத்துவம்" என்றார்.

அதிபருக்கு இது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார்.

அப்பாவைப் பற்றி அவள் வாய் திறக்க நாலு மாதம் எடுத்தது. பிள்ளை பிறந்ததில் இருந்து, படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள் என்று அவர் ஆள் மேல் ஆள் அனுப்புகிறாராம். சித்திதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாளாம். அன்றைக்கு சுகிர்தா கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டாள்: 'அப்பாவுக்கு எதுவும் போகக் கூடாது. சித்தியைக் கூப்பிடு.'

நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை முடிந்த நேரம் கலாராணி மாடிப்படியில் இருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு டிஷூ மடித்து வைத்திருந்தாள். சுகிர்தா புத்தகக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மேல போனியா?"

"ஆமா மிஸ். சோதனை பயத்தப் பத்திக் கேட்கப் போனேன். அந்த மிஸ் நல்லா கதைக்கிறாங்க. மூச்சு விட ஒரு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாங்க. அந்த ரூம்ல இருந்தா குளிர்ச்சியா இருக்கு மிஸ்."

"வேற என்ன சொன்ன?"

"வேற ஒன்னும் சொல்லல. வியாழக்கிழமையும் வரச் சொன்னாங்க." அவள் அந்த டிஷூவைக் கணக்குக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள், எறிந்துவிடாமல்.

சுகிர்தா முத்திரையை எடுத்து ஒரு புத்தகத்தில் குத்தினாள். அது தலைகீழாக விழுந்தது. பலகை, திரை, கதிரை, கோப்பை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம் காத்திருந்து வாய் திறக்க வைத்த பிள்ளை, இருபது நிமிடத்தில் 'நல்லா கதைக்கிறாங்க' என்கிறது. அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த இரண்டு வார்த்தைகளையும் மதுஷாவின் குரலில், கலாராணியின் குரலில், அதிபரின் குரலில் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் புதன்கிழமை மதுஷா ஒரு பட்டியலோடு காரியாலயத்துக்கு வந்தாள். வரவு குறைந்த ஏழு பிள்ளைகள். வலயத்தின் ஒழுங்குப்படி, இருபது நாளுக்கு மேல் வராதவர்களின் பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் சுகிர்தாவிடம்தான் இருந்தது.

நாலாவது பெயர் கலாராணி. முப்பத்துநாலு நாள். விலாசம் பாடசாலையில் சேர்த்தபோது கொடுத்தது: அப்பாவின் பெயர், தோட்டம், மேல்பிரிவு, கலஹா. வரவு இடாப்பைப் பார்த்துப் பட்டியல் போட்டவளுக்குப் பென்சில் புள்ளிகள் ஏதோ அழுக்காகத் தெரிந்திருக்கும்.

"எழுத முந்தி ஒரு தடவை பாருங்க அக்கா" என்றாள் மதுஷா. "இவங்கள்ல யாரைப் பத்தியாவது உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா? நான் புதுசு. தப்பாப் போயிடக் கூடாது."

சுகிர்தாவின் கைப்பை காலடியில் இருந்தது. கொப்பியின் முனை ஜிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலால் பையை மேசைக்கடியில் தள்ளினாள்.

"எல்லாம் ஃபைல்ல இருக்கு மிஸ்."

ஒரு கடிதம் போகட்டும். கணேஸ் வந்து சத்தம் போடட்டும். மதுஷா முழிக்கட்டும். அப்போது அதிபர் தன்னைக் கூப்பிட்டு, நீதான் வர வேண்டும் சுகிர்தா என்பார். அவள் போய்ச் சரிசெய்வாள். தட்டச்சுச் செய்து முடிக்கும்வரை இதுதான் மனதில் ஓடியது. உறையை ஒட்டிய பிறகுதான் வேறொன்றை நினைத்துக்கொண்டாள்: தோட்டத்துக் கடிதம் ஒஃபிசில் கிடந்து லயத்துக்கு வர வாரக்கணக்காகும். சில நேரம் வராமலே போகும்.

அதற்குப் பிறகும் தினமும் காலையில் கலாராணி வந்து முத்திரை குத்தினாள். வியாழக்கிழமை மாடிக்கும் போய்வந்தாள். சித்திக்கு ஒரு ஃபோன் கோல் எடுத்துச் சொல்லலாம் என்று சுகிர்தா தினமும் நினைத்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கணேஸ் வந்தார். முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். கடிதத்தை நனையாமல் ஷொப்பிங் பேக்கில் சுற்றி வைத்திருந்தார். குடித்திருக்கவில்லை, சத்தமும் போடவில்லை. அதிபரின் மேசை முன்னால் நின்றபடி, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கடிதத்தை விரித்து வைத்தார்.

"முப்பத்துநாலு நாளு வரலன்னு எழுதியிருக்கீங்க சேர். சித்திக்காரி தெனமும் யூனிபோம் போட்டு அனுப்புறா. அப்ப எங்க போச்சு எம் புள்ள? டவுன்ல எங்க சுத்துது?"

கலாராணியைக் கூப்பிட்டார்கள். அவள் வாசலில் நின்றாள். மதுஷா அவள் தோளைத் தொட்டு, "சொல்லும்மா, பயப்படாத" என்றாள். கலாராணியின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. மூச்சை மூக்கால் இழுத்து, மெல்ல வாயால் விட்டுப் பார்த்தாள், மாடியில் சொல்லிக்கொடுத்தபடி. பிறகு அவள் பார்த்தது சுகிர்தாவை.

சுகிர்தா சொல்லிவிட்டாள்.

"அவ எங்கயும் போகல. தினமும் வந்திருக்கா. முதல் பாடத்துக்கு என்கூடப் புத்தக அறையில இருந்தா. புத்தகத்துக்கு சீல் குத்துவா. அவ்வளவுதான்."

கணேஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கலஹாதானே? பஸ்ஸுல பாத்திருக்கேன்." குரல் இன்னும் இறங்கியது. "வகுப்புல வைக்காம புத்தகம் அடுக்க வச்சிருக்கீங்க. இங்க டவுன் புள்ளைங்க எத்தன பேரு இருக்கு, அதுங்க யாராவது சீல் குத்துதா? தோட்டத்துப் புள்ளன்னா வேல வாங்கலாம். அப்படித்தானே?"

"அப்படி இல்லீங்க. அவளுக்குப் பேர் கூப்பிடும்போது..."

அவள் அதிபரைப் பார்த்தாள். தியாகராஜா மேசைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். இப்படி ஓர் ஏற்பாடு தமக்குத் தெரியாது என்றும், அந்த மிஸ் ஆசிரியரும் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை என்றும், விசாரிப்பதாகவும் சொன்னார்.

"விசாரிக்க வேணாம் சேர். விடுகைப் பத்திரத்த எழுதிக் குடுங்க. வேலதான் செய்யணும்னா, வேல வீட்டுலயே இருக்கு."

மதுஷா அவரிடம் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம்தான் என்றாள், பிள்ளை கெட்டிக்காரி என்றாள், ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாள். கணேஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடிதத்தை மடித்து மறுபடி பேக்கில் சுற்றினார். அதிபர் ஒரு முறைகூடப் பொறுக்கச் சொல்லவில்லை. பத்திரத்தைச் சுகிர்தாதான் தட்டச்சுச் செய்தாள். விலகும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோரின் விருப்பம்' என்று போடச் சொன்னார்கள்.

காரியாலய ஜன்னலில் இருந்து பார்த்தால் படிக்கட்டு தெரியும். கணேஸ் மகளின் புத்தகப்பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார். கலாராணி வெறுங்கையோடு பின்னால் போனாள். விரல்களில் முத்திரை மை ஊதா நிறமாக இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுஷா வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. நான் கேட்டேனே."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் டிஷூ இருந்தது. அந்த நேரத்திலும் சுகிர்தாவின் கண்ணில் பட்டது அந்த டிஷூதான், எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்பதுதான். மதுஷா மாடிக்குப் போனாள். மேலே சக்கரக் கதிரை ஒரு முறை உருளும் சத்தம் கேட்டது.

மதியம் தியாகராஜா திவாகரனையும் சுகிர்தாவையும் வரவு இடாப்போடு கூப்பிட்டார். திங்கட்கிழமை வலயத்தில் இருந்து புதிய நிலையத்தைப் பார்க்க வருகிறார்கள். இடாப்பும் பார்ப்பார்கள்.

"இந்தப் புள்ளி ஒன்னும் இருக்கக் கூடாது. நான் பாத்ததில்ல, நீங்களும் வச்சதில்ல. விளங்குதா?"

திவாகரன் இடாப்பை மூடிக்கொண்டு, "ஓம் சேர்" என்றார். அவர் வடக்குக்கு மாற்றம் கேட்டு எழுதிய கடிதம் அதே மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. காரியாலயத்துக்கு வந்து, சிவப்புப் பேனாவாலும் அடிமட்டத்தாலும் கலாராணியின் பெயருக்கு மேலே ஒரு கோடு போட்டார். பிறகு இடாப்பைச் சுகிர்தாவின் பக்கம் தள்ளிவிட்டு, ஏழாம் பாடவேளைக்கு மணி அடித்துவிட்டது என்று எழுந்து போனார்.

சுகிர்தா மேசை லாச்சியைத் திறந்து அழிறப்பரைத் தேடி எடுத்தாள். முதல் புள்ளியில் இருந்து ஆரம்பித்தாள். பென்சில் அழுத்தி வைக்கப்படவில்லை, சுலபமாகவே போனது. நாற்பத்தொரு புள்ளிகள், கடிதம் போன பிறகு வைத்த ஏழும் சேர்த்து. சைபர்கள் பேனாவால் எழுதியவை. அவை அப்படியே இருந்தன, வரிசையாக, ஒரு நாளும் பள்ளிக்கூடம் வராத ஒரு பிள்ளைக்கு இருப்பது போல.

கடதாசியில் சேர்ந்த றப்பர்த் தூளை அவள் ஊதினாள். அது போகவில்லை. புறங்கையால் தட்டி, உள்ளங்கையில் ஏந்தி, கூடையில் போட்டாள். மணி ஒன்றரை. கீழே கேட்டில் குண்டசாலைக் கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. புத்தக அறையில், முத்திரை குத்தாத பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் பாதிக் கட்டோடு கிடந்தன. அவள் கையெழுத்துப் போட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.