கெமிகிஷா வீட்டுக் களி

மூக்கண்டப்பள்ளி சபையிலிருந்து உகாண்டா கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போன குழுவில், பெண்கள் கூட்டம் பவுலினாவின் பொறுப்பு. வீட்டுக்கு வீடு சாப்பிடக் கூப்பிட்டார்கள். குழு கைகூப்பி மறுத்தது. கூட்டத்துக்கு ஒருத்திகூட வரவில்லை.

அன்று கெமிகிஷா என்பவள் தன் வீட்டு வாசலில் கூடையோடு நின்று கூப்பிட்டபோது, "காலோ" என்றொரு சொல் பவுலினாவின் காதில் விழுந்தது.

"களியா?" என்று எட்டிப் பார்த்தாள். கூடைக்குள் கேழ்வரகு நிறத்தில் ஓர் உருண்டை, ஆவி பறக்க இருந்தது.

"வேணாங்க்கா, வயித்துக்கு ஆகலைன்னா?" என்றான் குழுத் தலைவன் ஜாக்சன்.

"களி தின்னு வயிறு கெட்டவன் நம்மூர்ல யாருப்பா?"

பிட்டு உருட்டி, கட்டைவிரலால் குழித்து, வேர்க்கடலைக் குழம்பில் தோய்த்து, ஊரில் செய்வதுபோலவே மெல்லாமல் விழுங்கினாள். கெமிகிஷா கைகொட்டிச் சிரித்து அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூவி அழைத்தாள். சூழ்ந்துகொண்டவர்கள் ஏதோ கேட்டார்கள். உள்ளூர் போதகர் ஆங்கிலத்தில் சொன்னதை ஜாக்சன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்.

"இப்படி முழுங்கக் கத்துக்குடுக்க, இவங்க ஊர்லருந்து யாராச்சும் நம்மூருக்கு ஊழியத்துக்கு வந்தாங்களான்னு கேக்கறாங்கக்கா."

பவுலினா அடுத்த உருண்டையைப் பிட்டாள். "எனக்கும் அதாம்ப்பா தெரியணும். எல்லாரையும் உக்காரச் சொல்லு, கேப்போம்."